கல்வி எங்கே இருக்கிறது?

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளையை நோக்கி வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ இரண்டு மைல் தூரம் சென்றால், சாலையோரத்திலே பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதைக் காணலாம். அப்பாறைகளின் இடுக்குகளிலும் குகைகளிலும் அமைந்திருப்பது அளுவிகாரை என்னும் பழம்பெரும் பௌத்த விகாரை. பாடசாலைச் சுற்றுலாவாக அங்கு வரும் பிள்ளைகள் பெரிதும் விரும்பிப் பார்ப்பது ஏடு எழுதும் முறையை. தாளிப்பனையின் இளங்குருத்தை அவித்து உலர்த்தி வழவழப்பாக்கிய ஓலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியால் எழுதிக் காட்டுவர். எழுதி முடிந்த ஓலையைப் பார்த்தால் எழுத்து எளிதிற் கண்ணுக்குப் புலப்படாது. கரித்தூளை எண்ணெயிற் குழைத்த மையை ஓலை முழுவதும் பூசித் துடைத்த பின்னரே, கீறிய பள்ளங்களில் மை தங்கி, எழுத்துக் கறுப்பாகத் துலங்கும். பிள்ளைகள் தத்தம் பெயரை ஓர் ஓலை நறுக்கில் எழுதுவித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு வாகனத்தில் ஏறுவர்.

அப்பிள்ளைகளில் ஒருவனை நிறுத்தி, "தம்பி, படித்தல் என்றால் என்ன?" என்று வினவினால் அவன் என்ன விடை கூறுவான்? "புத்தகத்தில் இருப்பதைப் பாடமாக்குவது" என்பான் ஒருவன். "டீச்சர் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்வது" என்பாள் மற்றொருத்தி. சற்று வளர்ந்த மாணவனோ, "பரீட்சையிற் சித்தியடைவது" என்று சுருக்கமாக முடித்துவிடுவான். ஆசிரியரை வினவினாலும் விடை வெகு தூரம் வேறுபடாது. பாடத்திட்டத்தைத் தவணைக்குள் முடித்தல் என்பதே பலர் வாயில் முதலில் வரும். இவ்விடைகள் யாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது. கல்வி என்பது எங்கோ ஓரிடத்தில் இருக்கும் பொருள். அதனை அங்கிருந்து எடுத்து இங்கு வைப்பதே கற்றல். எடுத்துக் கொடுப்பதே கற்பித்தல் என்பதே அவ்வெண்ணம்.

கல்வி எங்கே இருக்கிறது என்னும் இவ்வினாவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைநாட்டிற் சிலர் எதிர்கொள்ள நேர்ந்தது. அவர்களுக்கு அது பட்டினியின் நடுவே எழுந்த வினா. புத்தபெருமான் அருளிய போதனைகளாகிய திரிபிடகம், இலங்கைக்கு வந்த பின்னரும் நெடுங்காலம் ஏட்டில் எழுதப்படவில்லை. அது துறவிகளின் நாவிலும் நெஞ்சிலுமே வாழ்ந்தது. முழுவதையும் ஒருவரே சுமப்பது அரிதாதலின், நீண்ட சூத்திரங்களை ஒரு குழுவினரும், இடைத்தரமானவற்றை வேறொரு குழுவினரும், ஏனையவற்றைப் பிறருமாகப் பகுத்துக்கொண்டு ஓதினர். இவ்வாறு ஓதிக் காத்தோரைப் பாணகர் என்பர்.

அவர்கள் கூட்டமாக இருந்து ஓதினர் என்பது கருதத்தக்கது. தனியே ஓதுபவன் ஒரு சொல்லைத் தவறவிட்டால் அது தவறிப்போனதை அவனே அறியான். பலர் ஒருங்கே ஓதும்போது ஒருவன் நா பிறழ்ந்தால், அருகிலிருப்பவன் செவியில் அது உடனே உறுத்தும். ஆகவே அக்கல்வி ஒருவனுடைய நெஞ்சில் மாத்திரம் இருந்ததன்று; ஒருவன் வாய்க்கும் மற்றவன் செவிக்கும் இடையே இருந்தது என்று சொல்வது பொருந்தும். இன்று மனனம் என்றவுடன், ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும் காட்சியே கண்முன் வருகிறது. பாணகர் செய்த மனனம் வேறு வகை.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் அரசனாக இருந்தபோது நாட்டிற் பெருங்குழப்பம் மூண்டது. வலகம்பா என்று மக்கள் வழங்கும் அரசன் இவனே. உரோகணத்திலே தீசன் என்னும் பிராமணன் கலகம் செய்தான். மாதோட்டத்திலே தமிழ்த் தலைவர் எழுவர் படையுடன் வந்திறங்கினர். அரசன் முடியிழந்து மலைகளில் மறைந்து வாழ்ந்தான். அக்காலத்திற் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த பஞ்சத்தைப் பற்றிப் பௌத்த உரைநூல்கள் உருக்கமாகக் கூறுகின்றன. துறவிகளுக்குப் பிச்சையிட எவரிடத்தும் உணவில்லை. பலர் கடல் கடந்து இந்தியாவுக்குச் சென்றனர். அறுபது துறவிகள் மாத்திரம் கடற்கரைவரை சென்று, போகாது திரும்பி, மலைநாட்டை அடைந்து, கிழங்கையும் இலையையும் தின்று உயிர் தரித்தனர். உடலில் வலுவுள்ளபோது அமர்ந்திருந்து ஓதினர். அமர்வதற்கும் வலுவற்றபோது மணலைக் குவித்து, அதன்மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தபடியே ஓதினர். பஞ்சம் தணிந்து, கடல் கடந்து சென்றோரில் எழுநூறு பேர் மீண்டு வந்தனர். இரு சாராரும் தத்தம் நெஞ்சில் இருந்ததை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஓர் எழுத்தும் வேறுபடவில்லை என்று உரைகள் கூறும்.

ஓர் எழுத்தும் வேறுபடவில்லை என்பதை அப்படியே நம்புவதா, பக்தியின் மிகையாகக் கொள்வதா என்பது கேட்போர் விருப்பம். ஆயினும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு செய்தி, மிகையாகத் தோன்றாத அளவுக்குக் கசப்பானது. பஞ்சத்தின் முடிவில், மகாநித்தேசம் என்னும் நூலை முழுவதும் அறிந்தவர் நாட்டில் ஒரே ஒரு துறவியே எஞ்சினார். அவரோ நல்லொழுக்கம் இல்லாதவர் எனப் பெயர் பெற்றவர். மகாரக்கிதர் என்னும் தேரரிடம், அந்நூல் மறைந்துபோகாமல் இருக்க நீர் அவரிடம் சென்று கற்றுக்கொள்ளவேண்டும் என்று வேண்டினர். அவர் அருவருத்தார், மறுத்தார், பின்பு வேறு வழியின்றி இசைந்து சென்று கற்றார். ஆசான் என்பவன் ஒழுக்கத்தாலும் மேம்பட்டவனாக இருத்தல் வேண்டும் என்று காலங்காலமாகக் கூறிவந்த நாட்டில், ஒழுக்கம் ஓரிடத்திலும் நூலறிவு வேறோரிடத்திலும் பிரிந்து நின்ற நிலை அது.

இத்தகைய அனுபவத்திற்குப் பின்னரே எழுதிவைக்கும் எண்ணம் வலுப்பெற்றது என்று கொள்வது இயல்பு. மக்கள் நிலை தாழ்வதைக் கண்ட துறவிகள், போதனை நிலைத்திருக்கும் பொருட்டு ஒன்றுகூடி, மூலத்தையும் உரையையும் நூல்களாக எழுதினர் என்று மகாவம்சம் மிகச் சுருக்கமாகக் கூறுகிறது. இடத்தின் பெயரை அது கூறவில்லை. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த நிகாய சங்கிரகம் என்னும் சிங்கள நூலே மாத்தளையிலுள்ள இவ்விகாரையைக் குறிக்கிறது. எழுதியோர் ஐந்நூறு துறவிகள் என்பது மரபு.

எழுதும் காலத்தை ஒட்டி அவர்களிடையே ஒரு வாதம் நிகழ்ந்தது. மண்டலாராமம் என்னுமிடத்தில் துறவிகள் திரண்டபோது, சமயத்திற்கு வேர் எது என்ற கேள்வி பிறந்தது. நூலைக் கற்றலா, அந்நூல் கூறும் வழியில் நிற்றலா? கந்தலாடை உடுத்துக் கடுநோன்பு காத்தவர்கள், நிற்றலே வேர் என்றனர். அறமுரைக்கும் ஆசிரியர்கள், கற்றலே வேர் என்றனர். ஆசிரியர்கள் ஓர் உவமையைக் காட்டினர். புதையல் இருக்குமிடத்தைக் கல்லிலே பொறித்து வைத்தால், அவ்வெழுத்து அழியாதிருக்குமளவும் புதையல் தொலைந்ததாகாது. அதுபோல நூல் இருக்குமளவும் வழியில் நிற்பவன் என்றேனும் ஒருவன் தோன்றுவான். நூல் அழிந்தாலோ அதற்கும் இடமில்லை என்றனர். இறுதியில் ஆசிரியர் கட்சியே வென்றது.

வென்றவர்கள் ஆசிரியர்கள், வாதத்தைப் பதிவு செய்து நமக்குத் தந்தவர்களும் ஆசிரியர் மரபினரே. ஆகையால் தோற்றவர்களின் வாதம் முழுமையாக வந்து சேர்ந்திருக்கிறதா என்ற ஐயம் எழுதல் நியாயம். இச்செய்தியைத் தம் உரையில் தந்த புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து எழுதியவர். அதற்கு முன்னர்க் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். அளுவிகாரையிலே அவர் நினைவாக ஒரு குகை இன்றும் காட்டப்படுகிறது.

இனி, அந்தப் புதையல் உவமையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கற்றலே வேர் என்று வாதிட்ட ஆசிரியர்கள்கூட, கல்லில் உள்ள எழுத்தே புதையல் என்று கூறவில்லை. எழுத்து வழி காட்டும். தோண்டுதல் கற்பவன் செயல். அந்த வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. ஏனெனில் அவர்கள் எழுத்தில்லாமலே கற்றவர்கள். எழுத்தோடு பிறந்து எழுத்தோடு வளர்ந்த பின்வந்தோருக்கு அது மங்கிவிட்டது. கொப்பியில் இருக்கிறது என்றால் படித்தாயிற்று என்று கருதும் மாணவன், கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுப் புதையல் கைக்கு வந்ததாக எண்ணுகிறவன் அல்லனோ?

தமிழிலே இப்பொருளைப் பற்றி மிக நுட்பமாகச் சொன்ன நூல் ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூலே ஆயினும், அதன் பாயிரப் பகுதி கற்பித்தலையும் கற்றலையும் பற்றியது. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை சொல்லி, ஆசிரியன் ஆகாதவனுக்கும் அது உவமை கூறும். அவற்றுள் ஒன்று கழற்காய் பெய்த குடம். குடத்திலே கழற்காய்களை ஒவ்வொன்றாக இடலாம். கவிழ்த்தால் அவை இட்ட முறையில் வெளிவருவதில்லை. முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் உருளும். தான் கற்ற முறையிற் சொல்லத் தெரியாத ஆசிரியன் அத்தகையவன். மற்றொன்று பஞ்சு அடைத்த குண்டிகை. அதனுள் சிறிது சிறிதாகத் திணிக்கவும் வேண்டும். சிறிது சிறிதாகப் பிடுங்கவும் வேண்டும். மாத்தளைத் தோட்டங்களின் ஓரங்களிலே இலவம்பஞ்சை உறையில் அடைத்துத் தலையணை செய்வோரைக் கண்டவர்களுக்கு இவ்வுவமை நன்கு விளங்கும்.

மாணாக்கர் வகையையும் நன்னூல் கூறுகிறது. அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைப்பட்டவர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றோர் கடைப்பட்டவர். சொன்னதையே திரும்பச் சொல்லும் கிளிக்கு இடையிடமே கொடுத்தார் முனிவர். இன்றைய பரீட்சைத் தாள்களிலே கிளி பெரும்பாலும் முதலிடத்தைப் பெற்றுவிடுகிறது. இப்பகுப்பில் ஒரு குறையும் உண்டு. பசுவாகப் பிறந்தவன் பசுவே, எருமையாகப் பிறந்தவன் எருமையே என்பதுபோல, மாணாக்கன் இயல்பு மாறாதது என்னும் எண்ணத்தை அது ஆசிரியர் மனத்தில் விதைத்துவிடக்கூடும். ஒரே பிள்ளை காலையிற் கணக்குப் பாடத்தில் ஓட்டைக்குடமாகவும் மாலையில் கிரிக்கெட்டு விளையாட்டில் அன்னமாகவும் இருப்பதை எந்த ஆசிரியர்தாம் கண்டதில்லை?

ஆனால் அதே பாயிரம் சற்றுத் தள்ளிக் கூறும் ஒரு கணக்கு இக்குறையை ஈடு செய்துவிடுகிறது. ஆசிரியர் சொன்னதை முழுவதும் நன்றாகக் கேட்டு உள்ளத்திற் கொண்டவனுக்கும் புலமையில் கால்பங்கே கைகூடும். உடன் கற்பவரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விளங்க எடுத்துரைக்கும்போதே நிரம்பும். ஆசிரியரின் சொல் எத்துணைச் சிறந்ததாயினும், கேட்பவன் எத்துணைக் கூர்மையுடையவனாயினும், காலுக்கு மேல் இல்லை என்று ஓர் ஆசிரியரே எழுதி வைத்தது வியப்புக்குரியது. ஆசிரியர் பெருமிதத்தை இவ்வளவு அமைதியாகக் குறைத்த கூற்று பிறிதொன்று உண்டா என்பது ஐயமே. அளுவிகாரைக்கு முற்பட்ட பாணகர்கள் கூடி ஓதியதும், நன்னூலார் கூறிய கால்பங்கும் அரைப்பங்கும் ஒன்றையே சுட்டுகின்றன. கல்வி ஓரிடத்தில் வைக்கப்பட்டிருக்கும் பொருளன்று. அது சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் இடையே நிகழ்வது.

மேல்நாட்டுக் கல்வி வரலாற்றிலும் தமிழ்த் திண்ணைப் பள்ளியிற் கண்ட இந்த அரைப்பங்கு ஒரு சிறு இடத்தைப் பெற்றது. சென்னையிலே, இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்தப் பொறுப்பேற்ற அன்றூ பெல் என்னும் பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைக் கையாண்டு, 1797 ஆம் ஆண்டில் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆனால் அங்கு அது பரவியது, கற்பிப்பவனே கற்கிறான் என்ற கருத்துக்காக அன்று. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம் என்ற சிக்கனத்துக்காகவே. நல்ல கருத்துகள் பல இவ்வாறுதான் பயணம் செய்கின்றன.

சென்னை மாகாணத்திலிருந்து வேறொரு பயணமும் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழ் மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடலைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தனர். வழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். வடக்கிலிருந்து மாத்தளைக்குள் நுழையும் வழி அளுவிகாரைப் பாறைகளைக் கடந்தே செல்வது. தலையிற் சிறு மூட்டையோடு நடந்த அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களிடம் நூல் ஏதும் இல்லை என்றே தோட்டத்துரைமாரும், பின்வந்த கல்வியதிகாரிகளும் கருதினர்.

ஆனால் அவர்கள் நெஞ்சிற் பலவற்றைச் சுமந்து வந்தனர். மாசி மாதத்திலே லயத்தின் முன்னுள்ள வெளியிற் கம்பம் ஊன்றி ஆடும் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு, தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கையில் ஒருத்தி தொடங்க மற்றவர்கள் தொடரும் பாட்டு ஆகிய யாவும் நாவிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து நாவுக்கும் சென்று நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தன. காமன் கூத்திலே இரதியாக வேடம் பூணுகிறவன் முதலிற் சிறுவனாகத் தப்பு அடிப்போர் அருகே குந்தியிருந்து கேட்கிறான். பின்பு தூதன் முதலிய சிறு வேடம் ஏற்கிறான். ஆண்டுகள் சென்றபின் இரதியாகிறான். முதுமையில் தானே கூத்து வாத்தியாராகி வேறொரு சிறுவனைப் பழக்குகிறான். கேட்டல், கூடிப் பயிலல், பிறர்க்குரைத்தல் என்ற நன்னூலின் மூன்று படிகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவர்கள் எவரும் நன்னூலைக் கண்டதில்லை.

அத்தகைய வீட்டிலிருந்து தோட்டப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைக்கு என்ன கிடைத்தது? 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குதல் தோட்ட நிருவாகத்தின் கடமை என்றது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அக்கடமையை வற்புறுத்தியது. பாடசாலை என்பது பெரும்பாலும் ஒற்றை அறை, ஓர் உபாத்தியாயர், ஐந்து வகுப்பு. சில தோட்டங்களில் கணக்கெழுதுவோரே உபாத்தியாயரும் ஆவார். பிள்ளைகள் ஒரு பாதி நாள் கொழுந்துக் கூடையோடும், மறு பாதி நாள் சிலேட்டோடும் இருந்த காலமும் உண்டு. 1945 ஆம் ஆண்டில் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும், 1960 ஆம் ஆண்டை அடுத்து உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றன. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவை படிப்படியாகப் பொதுக் கல்வி முறைக்குள் வந்தன.

ஒற்றை ஆசிரியர் ஐந்து வகுப்புகளை எவ்வாறு நடத்துவது? ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கையில், மற்றொரு வகுப்பு வாய்பாட்டை உரக்கச் சொல்லும். மூன்றாம் வகுப்பு எழுதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி காட்டும். வறுமையாற் பிறந்த இவ்வேற்பாட்டில் நன்னூலின் அரைப்பங்கு தெரியாமலே நுழைந்துவிட்டது. அவ்வாறு கற்றோருட் பின்னாளில் ஆசிரியரானவர்கள் பலர். அது போற்றத்தக்க நிலை என்று சொல்லிவிடுவதற்கில்லை. ஆசிரியர் அந்த ஏற்பாட்டைக் கற்றலாகக் கருதவில்லை; சத்தமின்றி வகுப்பை அடக்கும் உபாயமாகவே கருதினார். வாய்பாடு ஓதிய பிள்ளைக்கும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது ஓர் ஓசையாகவே நின்றுவிட்டது. எட்டுப் பெட்டியில் ஏழேழு பழம் வைத்தால் எத்தனை என்று கேட்டபோது விரலை மடக்கத் தொடங்கியவர்கள் அநேகர்.

இவ்வேறுபாட்டை அண்மைக்கால ஆராய்ச்சியும் எடுத்துக்கொண்டது. சுவீடன் நாட்டிலே கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் ரோஜர் சால்யோ என்பவர், பலரிடம் நேரிற் சென்று, கற்றல் என்று நீங்கள் எதனைக் கருதுகிறீர்கள் என்று வினவி, 1979 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். விடைகள் ஐந்து வகையாக அமைந்தன. அறிவு பெருகுதல் என்றனர் சிலர். மனனம் செய்தல் என்றனர் வேறு சிலர். பயன்படத்தக்க செய்திகளைத் திரட்டுதல் என்றோரும் உளர். பொருளை உணர்தல், உலகைப் புதிய முறையில் விளங்கிக்கொள்ளுதல் என்பன எஞ்சிய இரண்டும். 1993 ஆம் ஆண்டில் பெரன்ஸ் மார்ட்டன் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தனர். கற்றல் என்பது கற்பவன் தானே வேறு மனிதனாக மாறுதல் என்பது அது. கந்தலாடை உடுத்த துறவிகள் மண்டலாராமத்தில் வாதிட்டுத் தோற்ற கட்சியும் ஏறக்குறைய இதுவே.

அவ்வாராய்ச்சியாளர்களை ஒரு செய்தி திகைக்க வைத்தது. சீன மாணவர்கள் இடைவிடாது மனனம் செய்கிறார்கள் என்று கண்டோர், அவர்களுக்குப் பொருள் விளங்காது என்றே எதிர்பார்த்தனர். ஆனால் விளங்குகிறது. சீன ஆசிரியர்களை வினவியபோது அவர்கள், மனனம் இரு வகை என்றனர். எந்திரம்போல ஓதுவது ஒன்று. ஒவ்வொரு முறை ஓதும்போதும் பொருளை வேறு பக்கத்திலிருந்து காண்பது மற்றொன்று. மேல்நாட்டு அறிஞருக்குப் புதுமையாகத் தோன்றிய இது, தேவாரம் ஓதும் வீட்டிற் பிறந்த பிள்ளைக்கோ, குர்ஆன் ஓதும் வீட்டிற் பிறந்த பிள்ளைக்கோ, பிரித் ஓதும் வீட்டிற் பிறந்த பிள்ளைக்கோ புதுமையாகாது. மாத்தளை நகரிலே இம்மூன்று ஓசையும் ஒரே விடியற்காலையிற் கேட்கும். ஆகவே மனனமே கேடு என்று மேடையிலே முழங்குவோர் சற்றே அவசரப்படுகிறார்கள்.

கேடு வேறோரிடத்தில் இருக்கிறது. இலங்கையிலே 1990களின் இறுதியில் ஆரம்பக் கல்வி செயல்வழிக் கல்வியாகத் திருத்தப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் இடைநிலை வகுப்புகளுக்கும், மாணவரே தேடிக் கண்டறியும் முறையை ஒட்டிய பாடத்திட்டம் வந்தது. ஆசிரியர் கைந்நூல்கள் மாறின. சுவர்களில் வண்ண அட்டைகள் தொங்கின. ஆனால் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும், சாதாரண தரப் பரீட்சையும் பிள்ளையின் வாழ்வை இரண்டாகப் பிளக்கும் வாள்போலத் தொடர்ந்து நின்றன. தோட்டத்துத் தாய்க்கு அப்பரீட்சை ஒரு நாட்கூலியிலிருந்து விடுதலை. ஆகவே அவள் ஆசிரியரிடம் வந்து, "சேர், புள்ள எப்புடியாவது பாஸ் பண்ணணும்" என்று இரந்து கேட்கிறாள். அவளிடம் சென்று, கற்றல் என்பது உலகைப் புதிய முறையில் விளங்கிக்கொள்ளுதல் அம்மா என்று எந்த ஆசிரியர் கூறத் துணிவார்? தனியார் வகுப்பிலே ஒலிபெருக்கி முன் அமர்ந்து ஒருமுறை கேட்டு எழுதிச் செல்லும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நன்னூலின் கால்பங்கோடு வீடு திரும்புகிறார்கள். அக்காலையும் அவர்கள் செவியாற் கொள்ளவில்லை, கொப்பியிற் கொண்டார்கள்.

மாணவர் கற்றலை எவ்வாறு கருதுகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது ஆசிரியர் சொல்லும் அறிவுரையன்று. அவர் கேட்கும் கேள்வியே. சொன்னதைத் திரும்பச் சொல் என்று நாள்தோறும் கேட்கும் ஆசிரியர், சிந்தித்துப் படியுங்கள் என்று ஆண்டுவிழாவிற் பேசினால், பிள்ளைகள் எதனை நம்புவர்? மாறாக, அதே பாடத்தை நேற்று வராத பிள்ளைக்கு உன் சொல்லில் விளக்கிச் சொல் என்று ஒரு நாள் கேட்டுவிட்டால் வகுப்பறை கலகலத்துவிடுகிறது. விளக்கப் புகுந்தவன் பாதியில் நின்றுவிடுகிறான். தனக்கு விளங்காத இடம் எது என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிகிறது. இதற்குச் செலவு இல்லை; வண்ண அட்டையும் வேண்டியதில்லை. நேரம் மாத்திரம் வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையிலே நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்கும் ஆசிரியரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. தமிழ்ப் பாடசாலைகளுட் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரின்றித் தவிப்பவை மலையகத்தில் இன்னும் உள.

அளுவிகாரையில் இருந்த பழைய ஏடுகள் 1848 ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தன என்பர். பட்டினிக்கு அஞ்சி நெஞ்சிலிருந்து ஓலைக்கு மாற்றியவை நெருப்புக்கு இரையாயின. ஆயினும் நூல்கள் அழியவில்லை. அவற்றைப் படி எடுத்தோரும் கற்றோரும் கற்பித்தோரும் வேறிடங்களில் இருந்தனர்.

மாசி மாதத்திலே மாத்தளைப் பகுதித் தோட்டம் ஒன்றின் லயத்து வெளியிற் காமன் கம்பத்தின் முன்னே நிற்கும் ஒரு பத்து வயதுச் சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். தப்பு முழங்குகிறது. தூதனுக்குரிய பாடல்கள் முழுவதும் அவனுக்குத் தெரியும். எங்கே நிறுத்துவது, எங்கே அடி பெயர்ப்பது என்பதும் தெரியும். அருகில் நிற்கும் சிறுவன் ஒருவன் அடி தவறும்போது, இவன் கண்ணாலேயே திருத்துகிறான். எவரும் அவனுக்கு இதனை எழுதிக் கொடுத்ததில்லை. மறுநாட் காலையிலே அவன் பாடசாலைக்குச் செல்கிறான். அவனுடைய தவணை அறிக்கையிலே, ஞாபகசக்தி குறைவு என்று எழுதப்பட்டிருக்கிறது. அவன் கண்களில் இரவின் தூக்கக் கலக்கம் இன்னும் இருக்கிறது. ஆசிரியை அவனை எழுப்பி, "ராத்திரி எங்கேயடா போனாய்?" என்று கேட்கிறார். "காமன் கூத்துக்கு, டீச்சர்" என்கிறான். கோபிப்பதற்கு வாய் திறந்தவர் சற்றே நின்று, "சரி, அந்தக் கதை என்ன, சொல் பார்ப்போம்" என்கிறார். வகுப்பு முழுவதும் அவன் பக்கம் திரும்புகிறது.